வெங்காயத்தாள் பட்டா

போன மார்கழி மூன்றாம் தேதி, மணலூர்பேட்டைக்கு வெளியே குட்டைத் தெருவில், கூலி வேலைக்குப் போகும் செல்லியம்மாளின் வீட்டுமனைப் பட்டா வெங்காயத்தாளுக்குள் விளைந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள். ஒன்றில்கூட எழுத்துப்பிழை இல்லை என்பதுதான் ஊரை அதிகம் வியக்க வைத்தது.

விதை வந்ததே தவறுதலாகத்தான். சளிக்குக் கருஞ்சீரகம் வாங்கி வரச் சொன்னால், அவள் கணவன் வீரமணி கள்ளக்குறிச்சியில் விதைக்கடைக்குள் நுழைந்து, கறுப்பாகத் தெரிந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தான். மேலே 'காரமில்லாத வெங்காயம்' என்று போட்டிருந்தது. குட்டைத் தெருவில் எல்லோரும் வெங்காயக் காயை நட்டுத்தான் தாள் எடுப்பார்கள். விதை போட்டவர் கிடையாது. அதே வாரம் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீசும் வந்தது. தொண்ணூறு நாளுக்குள் ஆவணம் காட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பதினேழு வருடமாக இருக்கும் வீடு. ரேஷன் அட்டையையும் ஆதாரையும் விட்டால் அவளிடம் எழுதியது என்று எதுவுமில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் விதையைப் போட்டாள்.

பழைய மீன்பெட்டியில் மண்ணோடு மட்கிய கரும்புத் தோகையைக் கலந்து, மேலாகத் தூவி, ஈரச்சாக்கால் மூடினாள். எட்டாம் நாள் பச்சை நூல் போல வளைந்து முளைத்தது. ஆறாம் வாரம் நாற்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நட்டாள். தண்ணீர் தப்பினால் காரம் ஏறிவிடும் என்று பொட்டலம் எச்சரித்ததால், காலையும் மாலையும் குடம் சுமந்தாள்.

"வூடே போவப்போவுது, நீ வெங்காயத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு கீற" என்றான் வீரமணி.

"போற வரைக்கும் ஊத்துவன். உனுக்கு இன்னா?"

தொண்ணூறாம் நாள் சர்வேயர் விஜயராகவன் அளவுச் சங்கிலியோடு வந்து பாத்தி ஓரமாக நின்றார். "ஏம்மா, உன்கிட்ட தாள் எதுனா இருக்குதா?"

நோட்டீசில் ஆவணம் என்றுதான் இருந்தது. செல்லியம்மாளுக்குத் தாள் என்றால் ஒன்றே ஒன்றுதான். மனுஷன் பசியோடு வந்திருக்கிறார் போல என்று நினைத்து, "கீதுங்க சார், கட்டுக்கட்டா கீது" என்று ஒரு பிடி அறுத்துக் கொடுத்தாள். அவரும் உண்மையில் பட்டினிதான். ஒன்றை மென்று விழுங்கினார், துளிக்கூடக் காரமில்லை. இரண்டாவது தாள் நகம் பட்டு நீளவாக்கில் பிளந்தது. உள்ளே பொடி எழுத்தில் செல்லியம்மாள் பெயர், சர்வே எண், இரண்டே முக்கால் சென்ட், நான்கு எல்லைகள், வட்ட முத்திரை. கையெழுத்து முறைப்படி பச்சை மையில் இருந்தது.

சங்கிலி போட்டு அளந்தார். அங்குலம் பிசகவில்லை. தெருவே ஓடிவந்தது. வீரமணி குடத்தைத் தூக்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான். செல்லியம்மாளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை, திடீரென்று நினைவு வந்து, "அய்யோ சார், ஒன்னத் துன்னுட்டீங்களே!" என்று அலறினாள். அறுத்த அடியைப் பார்த்துவிட்டு அவளே சமாதானமானாள். பத்து நாளில் மறுபடி வந்துவிடும்.

எதிர்வீட்டு ரங்கம்மாள் காய் நட்டு எடுத்த தாளையும் பிளந்து பார்த்தார்கள். அதிலும் எழுத்து இருந்தது. ஆனால் காரத்தில் யாராலும் கண்ணைத் திறந்து படிக்க முடியவில்லை. எத்தனை பட்டாக்களை அழுதுகொண்டே அரிந்து குழம்பில் போட்டோமோ என்று ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அவளும் விதை வாங்கப் பஸ் ஏறினாள்.

இப்போது தெரு முழுக்க விதைப் பாத்திதான். சர்வேயர் அலுவலகத்தில் குட்டைத் தெருக் கோப்புகளை ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறார்கள். தாள் கேட்டு யாராவது வந்தால், செல்லியம்மாள் அரிவாளோடு எழுந்து ஒன்றுதான் கேட்கிறாள்:

"ஆபீசுக்கா, கொழம்புக்கா?"