நூறாவது ஆளோடு மூடும் ஜன்னல்

அந்தச் சுகாதார அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு பேருக்குத்தான் தொற்றுப் பரிசோதனை. நூறாவது ஆளின் மூக்கில் குச்சி விட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அடுத்தவர் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். ஆகவே அந்த ஊரில் எந்த நாளும் நூறு பேருக்கு மேல் நோய் வந்ததில்லை. நோயைக் கட்டுக்குள் வைத்தது தான்தான் என்று இயக்குநர் பீற்றிக்கொண்டார்.

மெய்யான தொற்று எவ்வளவு என்று மதிப்பிட அங்கே ஒருத்தி இருந்தாள். கணக்குக்காரி என்பார்கள். சோதித்தவர்களில் நோய் உள்ளவர்கள் போன மாதம் நூற்றுக்கு எட்டு, இப்போது அறுபத்திரண்டு. வருகிறவர்கள் எல்லோரும் காய்ச்சல்காரர்கள். காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்தால்தான் ஊரின் நிலைமை தெரியும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டாள். குச்சி வீண் என்று பதில் வந்தது.

நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கினால் திங்கட்கிழமை பள்ளிகளைத் திறக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு. அவளுடைய அக்கா ஆசிரியை. ஏற்கெனவே நுரையீரல் பாதி பழுது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். 

வெள்ளிக்கிழமை இயக்குநருக்கு மூளை வேலை செய்தது. வரிசையில் அறுபது காய்ச்சல்காரர்கள் போதும், மிச்ச நாற்பது குச்சிக்கு அலுவலக ஊழியர்கள் நிற்கட்டும் என்றார். எல்லோரும் நல்லா இருக்கிறவர்கள். சதவீதம் தானாக இறங்கிவிடும். முதல் ஆளாக அவரே மூக்கை நீட்டினார். மூன்று முறை கேட்டும் கிடைக்காதது, மோசடியின் தயவில் அவளுக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை முடிவு வந்தது. காய்ச்சல்காரர்களில் முப்பத்தேழு பேருக்கு நோய். நல்லா இருந்த நாற்பது பேரில் பதினொரு பேருக்கு, இயக்குநர் உட்பட. ஆக நாற்பத்தெட்டு. காய்ச்சலே இல்லாமல் நாலில் ஒருவர் நோயோடு நடமாடுகிறார் என்று அவள் அறிக்கை எழுதினாள். வீட்டில் அடைபட்டிருந்த இயக்குநர் போனில் வந்தார்.

"நம்ம ஆளுங்க நாப்பது பேரையும் எடுத்துடும்மா."

"எடுத்தா பழைய அறுபத்திரண்டுதான் வரும் சார்."

"அப்ப அந்தப் பதினோரு பேர மட்டும் எடு."

"அப்பவும் நாப்பத்திரண்டு சார்."

இயக்குநர் இருமிக்கொண்டே போனை வைத்தார்.

அவளுடைய அறிக்கையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலிடத்திலிருந்து இரண்டே வரி வந்தது: கையெழுத்திட வேண்டிய இயக்குநர் விடுப்பில் இருப்பதால், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுப் பள்ளித் திறப்பு தள்ளிவைப்பு.

அக்கா போனில் கூப்பிட்டாள். தங்கையின் கணக்கை ஒருவழியாகக் கேட்டுவிட்டார்களே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இல்லை, இயக்குநருக்கே வந்துவிட்டது, அதனால்தான் என்று இவள் சொன்னாள்.

அக்கா கேட்டாள்: "அப்ப அவருக்குச் சரியானதும் தெறந்துடுவாங்களா?"

"பதினாலு நாள்க்கா," என்றாள் கணக்குக்காரி.