ஆத்துல ஆள் இருக்கு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடுகிற (ஓட வேண்டிய) ஓர் ஆற்றைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். மேலே இருக்கிற நாடு அணை கட்டித் தேக்கிவிட்டது. கீழே இருக்கிற நாடு கத்திக்கொண்டிருக்கிறது. வானம் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. அறிக்கை அறிக்கையாகப் படித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஆறு காய்ந்துவிட்டதால், எல்லைப் பாலம் மூடியதில் பிரிந்துபோன உறவுக்காரர்கள் மணலில் நடந்தே போய்ப் பார்த்துக்கொள்கிறார்களாம். அத்தோடு கட்டுரை காலி.

தண்ணீர் வந்தால் ஊர் பிழைக்கும். வராதவரைதான் அவர்கள் பார்த்துக்கொள்ள முடியும். இதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

2

முதல் தொடக்கம்: "நதி ஒரு தாய். அவள் மடி வறண்டபோது..."

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது: "ஒப்பந்தத்தின் துணைப்பிரிவுகளைக் கவனமாக வாசித்தால், வறட்சிக் காலத்தில் மேல்மடை நாடு..."

நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

இன்னொன்று: "பம்ப் ஹவுஸில் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. சத்தம் மாறிய உடனே அவள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்."

இது பரவாயில்லை. இவளோடு போகலாம்.

3

இவள் தங்கை. கீழ்க்கரை ஊரில் குடிநீர் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். ஆற்றுக்குள் இருக்கிற கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது வேலை. இப்போது கிணற்றில் இருப்பது சேறு. வாசல் குழாயில் காலையிலிருந்து குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

"இன்னைக்காவது வருமா?" என்கிறாள் வரிசையில் முதலில் நிற்பவள், இடுப்பில் குழந்தையோடு.

"வந்தா சொல்லாமலா இருப்பேன்? ஒளிச்சு வச்சுக் குளிக்கவா போறேன்?"

அவள் சிரிக்கிறாள். குழந்தையின் உதடு வெடித்திருக்கிறது.

அக்கா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அவள் புருஷன், இவளுக்கு அத்தான், அணையில் ஷட்டர் கதவுகளை ஏற்றி இறக்குகிறவர். பாலம் மூடியதிலிருந்து அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை.

(அக்காவுக்கு முதலில் ஒரு நோய் கொடுத்திருந்தேன், உங்களிடம் கண்ணீர் வாங்க. பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன். அவள் கல்லுப்போல் இருக்கிறாள். வருவதற்கு அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. பார்க்கணும்போல இருக்கிறது, அவ்வளவுதான். அது போதாதென்றால் நீங்கள் வேறு கதை படிக்கலாம்.)

வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். தங்கையிடமே கேட்டுச் சொன்னேன்.

"போன்ல மூஞ்சிய பாக்கலாம். அக்கா மடியில படுக்க முடியுமா? எனக்கு அவ வாசனையே மறந்து போச்சுங்க."

4

இனி கொஞ்சம் விதிமுறை. பொறுத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் நிற்கிறது.

இரண்டு அரசாங்கமும் என்ன சண்டை போட்டாலும் ஒரு பழைய ஏற்பாடு மட்டும் அறுபடவில்லை. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அணையிலிருந்து பம்ப் ஹவுஸுக்குப் போன் வரும். படுகையில் யாரும் இல்லை என்று கீழே இருப்பவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தூக்குவார்கள். ஆற்றைக் கடக்க ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். தண்ணீர் வந்துசேர ஒரு டீ ஆறுகிற நேரம் போதும்.

அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். எல்லை தாண்டுவது குற்றம். அக்கரையில் உறவு இருப்பது தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். அதனால் அந்தப் போனில் அவர் "சார்", இவள் "மேடம்". கல்யாணத்தன்று பந்தியில் இவள் இலையிலிருந்த இனிப்பைத் திருடித் தின்ற மனுஷன், எத்தனையோ வருஷமாக விறைப்பாக "வணக்கம் மேடம்" என்கிறார். போனை வைத்த பிறகு இரண்டு பேரும் அவரவர் கரையில் தனியாகச் சிரித்துக்கொள்வார்கள்.

5

அன்றைக்கு வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். செல்போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள், சிக்னலைப் பிடித்து ரோந்துக்காரர்கள் வந்துவிடக் கூடாதே என்று. தங்கை காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. அக்கரையில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்குக் கைகால் முளைத்தது. அந்தச் சாய்ந்த நடை யாருக்கு உண்டு!

அக்கா பாதி ஆற்றுக்கு வந்தபோது போன் அடித்தது.

"வணக்கம் மேடம். மேலிடத்துல பேசி முடிச்சுட்டாங்க. தண்ணி விடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"இப்பவா சார்?"

"இப்பவே. எங்க விவசாயிங்க தண்ணி விடக் கூடாதுன்னு கூட்டமா வந்துட்டிருக்காங்க. அவங்க வயலும்தான் காயுது, குத்தம் சொல்ல முடியாது. அணை கேட்டுக்கு வந்து உக்காந்துட்டா அப்புறம் தூக்கவே முடியாது. ஆத்துல யாரும் இல்லையே?"

6

முடிவு அ: "அரை மணி நேரம் பொறுங்க சார்." அவர் பொறுக்கிறார். அக்கா வந்து சேர்கிறாள், பின்னாலேயே தண்ணீர் வருகிறது, ஊரே...

கிழித்துவிட்டேன். கூட்டம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

முடிவு ஆ: "யாரும் இல்ல சார்." கதவு ஏறுகிறது, குடங்கள்...

இதை என் கை எழுத மறுத்தது. அவளும் சொல்ல மாட்டாள்.

முடிவு இ: அக்காவை வேகமாக நடக்க வைப்பது. முயன்றேன். மணல் காலை இழுக்கிறது. மேலே உட்கார்ந்து எழுதுகிறவன் என்றால் எல்லாம் என் கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்களா?

7

நடந்தது இதுதான்.

குழாயடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. தங்கை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

"ஆத்துல ஆள் இருக்கு."

"யாரு? ஆடு மேய்க்கிறவங்களா? சத்தம் போட்டு விரட்டுங்க மேடம், நேரமில்ல."

"சத்தம் கேக்காது. பாதி ஆத்துல இருக்கு."

"எத்தனை பேரு?"

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதிவாகும். இரண்டு பேர் வேலையும் போகும்.

"ஒருத்தர்தான், அத்தான்."

அந்த லைனில் அப்படியொரு சொல் விழுந்ததே இல்லை. அந்தப் பக்கம் தூரத்தில் கோஷம் கேட்டது.

"அவ வீட்டுல தூங்கறான்னு நெனச்சேன்," என்றார் கடைசியில், அவருடைய சொந்தக் குரலில். "குடை எடுத்துட்டு வந்திருக்காளா?"

"இல்ல அத்தான். முந்தானையைத் தலையில போட்டிருக்கா."

"கேட்டுக்கு வந்துட்டாங்க," என்றார். போனை வைக்கவில்லை.

8

இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் முற்றுப்புள்ளி வைத்தால் அந்த இடத்தில் அக்கா கரையேறிவிடுவாள். தங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், இரண்டு பேரும் பேசாமல் அழுவார்கள். அந்த நேரத்தில் மேலே கூட்டம் ஷட்டர் அறையைப் பூட்டும், குழாயடிப் பெண் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள், அந்தப் பார்வையோடு இவள் அந்த ஊரில் வாழ வேண்டும். அதனால் புள்ளி வைக்கவில்லை. உங்கள் கரை எதுவென்று எனக்குத் தெரியாது. வைக்க முடிகிறவர்கள் வையுங்கள், நான் இந்த வரியை முடிந்தவரை நீட்டிக்கொண்டே இருக்கிறேன், போன் இன்னும் இரண்டு காதிலும் இருக்கிறது, குழந்தை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அக்கா செருப்பிலிருந்து மணலைத் தட்டிவிட்டு, ஜன்னலில் யாரோ நிற்பதைக் கண்டுகொண்டு, கையை மேலே தூக்கி