நகம் பிடிக்குதா?

என் பத்து விரலிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் உருப்படியாக ஒரு நகம் கிடைக்காது. இன்ஜின் பிரிக்கிறவன் கை அப்படித்தான். பாதியை ஸ்பேனர் தின்றது, மீதியை நானே கடித்துத் தின்றேன். அதனால் கிராங்கைச் சோதிக்க வேண்டுமென்றால் என் மனைவியைத்தான் கூப்பிடுவேன். பட்டறையின் முன்னறையில் அவள் தையல் மெஷின் இருக்கிறது. துணி மடிப்பைத் தேய்த்துத் தேய்த்து அவள் கட்டைவிரல் நகம் கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுகிற கனத்த தண்டுதான் கிராங்க். அதில் பேரிங் உட்காரும் இடங்கள் வழவழவென்று இருக்க வேண்டும். எண்ணெயில் இரும்புத்தூள் கலந்து ஓடியிருந்தால் அங்கே கோடு விழும். கண்ணுக்குத் தெரிகிற கோடெல்லாம் கெட்ட கோடு இல்லை. குறுக்கே நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இடறினால், அதாவது நகம் பிடித்தால், லேத் பட்டறைக்கு அனுப்பிக் கடைய வேண்டும்.

"பிடிக்குதா?" என்பேன். "பிடிக்கலைங்க" என்பாள். ஒருமுறை வாசலில் நின்று இதைக் கேட்ட வாடிக்கையாளர், "ஏதோ குடும்பப் பிரச்சினை போல, நான் அப்புறமா வரேன்" என்று நழுவப் பார்த்தார். அவரை உட்காரவைத்து விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இந்த முறை பிரித்துப் போட்டிருந்தது எங்கள் மகளின் கார். மாட்டு டாக்டர் ஆன பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான். மலைப்பக்கம் ஒரு பால் பண்ணைக் கூட்டமைப்பில் வேலை கிடைத்திருந்தது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்கிற வேலை, சொந்த வண்டி கட்டாயம். வருகிற திங்கட்கிழமை வண்டியோடு வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பாப்பா சேமித்து வாங்கிய பழைய காரோ, ஸ்டார்ட் செய்தால் தெருவையே புகையில் மூழ்கடித்தது.

என் மனைவியின் வருத்தமெல்லாம் தையல் மெஷினில்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க அது தடதடவென்று ஓடியது. ஒரே பெண்ணைத் தூரமாக அனுப்ப எனக்கும் மனசில்லைதான். ஆனால் எனக்குப் பிரிக்க ஓர் இன்ஜின் இருந்தது.

பிஸ்டன்களில் கீறல், ரிங்குகள் தேய்ந்து நூலாகியிருந்தன. ஒரு பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு இளித்தது. அதையெல்லாம் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தேன். கிராங்கின் அளவை மைக்ரோமீட்டரில் பார்த்தேன், சரியாக இருந்தது. கோடுகள்தான் கேள்வி.

கூப்பிட்டேன். கழுத்தில் டேப்பும் தோளில் நூலுமாக வந்தாள். முதல் இடத்தில் நகத்தை வைத்தாள்.

"பிடிக்குது."

அடுத்தது. "பிடிக்குது."

அதற்கு அடுத்தது. "பிடிக்குதுங்க. எல்லாமே பிடிக்குது. கடையக் குடுங்க."

லேத்காரரிடம் போனால் கூட்டத்தில் நம் முறை வர இரண்டு வாரமாவது ஆகும், அவளுக்கும் தெரியும். அவள் நகம் உலோகத்தில் பட்டதா என்றே எனக்குச் சந்தேகம். இத்தனை வருஷத்தில் அவள் நகத்தை நான் மறுத்துப் பேசியதில்லை. அதுமட்டுமில்லை, அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. என்ன அப்பனோ நான். கிராங்கை எண்ணெய்ச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன்.

சாயங்காலம் பாப்பா வந்தாள்.

"என்னப்பா, ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"அம்மா பார்த்துட்டா. எல்லா இடத்துலயும் பிடிக்குதாம்."

"எல்லா இடத்துலயுமா?"

சாக்கைப் பிரித்து, முன்னால் தெரிந்த இரண்டு இடங்களில் தன் நகத்தை ஓட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஸ்பேனர் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அம்மா, இங்க வா."

மெஷின் நின்றது. வந்தவளின் கையைப் பிடித்துக் கட்டைவிரலைக் கிராங்கின் மேல் வைத்தாள் பாப்பா.

"இப்ப சொல்லும்மா. பிடிக்குதா?"

என் மனைவி உடைந்துபோய்ச் சொன்னாள்.

"பிடிக்கலை. எனக்குப் பிடிக்கவே இல்லடி. நீ போறது எனக்குப் பிடிக்கலை, போதுமா?"

பாப்பா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "எனக்கு மட்டும் உன்னை விட்டுட்டுப் போகப் பிடிக்குதாம்மா? ஆனா வேலை ரொம்பப் பிடிச்சிருக்கே." நான் எண்ணெய்க் கையோடு இருவரையும் தொடவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நின்றேன்.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நகருங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். இந்த முறை நிஜமாகவே பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இடமாக. கடைசிக்கு முந்தின இடத்தில் விரல் நின்றது.

"இது பிடிக்குது."

"அம்மா!" என்றாள் பாப்பா.

"சத்தியமாடி. நீயே பாரு."

பாப்பா நகத்தை ஓட்டினாள். அவள் போட்டிருந்த சிவப்புப் பாலிஷ் சுரண்டப்பட்டு, கோட்டில் மெல்லிய நூலாக ஒட்டிக்கொண்டது. ஒரு கோடுதான், ஆனால் அதை அப்படியே மாட்டினால் மலை ஏறும்போது புது பேரிங்கைத் தின்றுவிடும். ஒன்றைக் கடைந்தால் அதன் கூட்டாளிகளையும் அதே அளவுக்குக் கடைய வேண்டும். திங்கட்கிழமை அம்போ என்றுதான் நினைத்தேன்.

"இப்ப என்னப்பா பண்றது?" பாப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நான் பார்த்துக்கறேன்" என்றாள் என் மனைவி.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே வண்டி பிடித்து, கிராங்கை மடியில் வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள். நான் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்தா லேத்காரரும் நீங்களும் பேசிட்டே இருப்பீங்க" என்றாள். மத்தியானம் லேத்காரர் போன் செய்தார். அழாத குறை.

"அண்ணே, அண்ணி மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டாங்க. வேலை முடியாம எழுந்திரிக்க மாட்டாங்களாம். மத்த வேலையெல்லாம் அப்படியே கிடக்குது."

"கொஞ்சம் பண்ணிக் குடுப்பா. பாப்பா திங்கட்கிழமை போயாகணும்."

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒவ்வொரு இடமும் முடிஞ்சதும் நகத்தை வெச்சுப் பார்த்து, பிடிக்கலைன்னு சொன்னாத்தான் அடுத்ததுக்கே விடுறாங்க." குரலைத் தாழ்த்தினார். "வேலை சுத்தமாத்தான் வந்திருக்கு. ஆனா ஒவ்வொரு தடவை பிடிக்கலைன்னு சொல்லும்போதும் கண்ணைத் தொடச்சிக்கிறாங்க. ஏன்ணே, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"