யாழினி மனுஷியா?

மாதவராஜை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னது மாதவராஜேதான்.

மஞ்சவாடிக் கணவாயில் அவன் ஓட்டிவந்த குட்டியானை வண்டி மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பிய புதிதில், அவன் மனைவி பானுமதி கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் தெருநாய் ஒன்று மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் மூடிவைத்திருந்த சோற்றைத் தட்டிவிட்டுத் தின்றது. அவன் கத்திப் பார்த்தான், தலையணையை வீசிப் பார்த்தான். அது சாவகாசமாகத் தின்று முடித்து, அவன் காலை முகர்ந்து, கட்டைவிரலை நக்கியது. நக்குவது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே, இனி வெளியே பூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டான்.

பானுமதி கடத்தூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, மூத்திரப் பையை மாற்றி, சோறும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஆரன் அடிக்கும். அதற்குப் பிறகு அவனுக்கு மேலே சுற்றும் ஃபேன், ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் கொஞ்சம் சித்தேரி மலை, கையில் போன். அவ்வளவுதான் உலகம்.

அந்தப் போனில்தான் ‘பதினோராம் தெரு’ வந்தது. அவன் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் டிவியில் ஓடிய தொடர். ஒரு தெருவில் குடியிருப்பவர்களில் சிலர் அச்சு அசலாக மனுஷரைப் போலவே செய்த ரோபோக்கள். யார் ரோபோ, யார் மனுஷர் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதையே இப்போது புதிதாக எடுத்து வெள்ளிக்கிழமைதோறும் ஒளிபரப்பினார்கள். முடிவை மாற்றிவிட்டோம் என்று எடுத்தவர்களே அறிவித்திருந்ததால், பழையதைப் பார்த்தவர்களுக்கும் விடை தெரியாது. ரசிகர்கள் ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு தியரி எழுதினார்கள். டாக்டர்தான் ரோபோ என்றார்கள் சிலர். பேப்பர் போடுகிறவன் என்றார்கள் சிலர். அவன் சைக்கிளில் வரும்போது நாய் குரைப்பதில்லையாம்.

மாதவராஜ் ‘கணவாய்’ என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தான். மாதக்கணக்கில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஒரு நாள் தானும் எழுதினான். தொடரில் யாழினி என்று ஒருத்தி வருவாள். விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவனை முகம் கோணாமல் பார்த்துக்கொள்கிறவள். தெருவிலேயே நல்லவள் அவள்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவள்தான் ரோபோ என்று மாதவராஜ் எழுதினான். தானும் அப்படிக் கணவாயில் வண்டி கவிழ்ந்து படுத்துக் கிடப்பவன்தான், தன் மனைவியும் தையல் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே தன்னைப் பார்த்துக்கொள்கிறவள்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தை எடுத்துவைத்தான். படுத்த ஆளைப் புரட்டும்போது எந்தப் பொம்பளையும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். புரட்டி முடித்ததும் அந்த மூச்சு சத்தத்தோடு வெளியே வரும். தன் மனைவிக்கு வரும். அதில் களைப்பு இருக்கும், சலிப்பு இருக்கும், சில நாளைக்குக் கோபமும் இருக்கும். யாழினி இத்தனை வாரமாகப் புரட்டுகிறாள், ஒரு தடவைகூட அந்த மூச்சு வரவில்லை. அவளுக்கு மூச்சே கிடையாது.

குழு அல்லோலகல்லோலப்பட்டது. பழைய பாகங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். சேலத்து யூடியூப்காரர் ஒருவர் அவன் எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்து வீடியோ போட்டார். லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கணவாய் அண்ணா, அடுத்த தியரி எப்போது என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். வண்டி கவிழ்ந்ததற்குப் பிறகு அவனிடம் ஒருவர் ஒன்றை எதிர்பார்த்தது அதுதான் முதல் தடவை. பானுமதியிடம் மட்டும் அவன் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு சில நாட்களில் வீட்டில் ஏதோ மாறியது. என்ன என்று முதலில் பிடிபடவில்லை. பானுமதி எப்போதும்போலத்தான் இருந்தாள். துடைத்தாள், ஊட்டினாள், புரட்டினாள். புரட்டும்போது ஒரு நாள் அவனுக்குச் சுரீரென்றது. அந்த மூச்சு வரவில்லை. மறுநாளும் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தான். வரவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டாள், அவன் இல்லை என்றதும் சரி என்று போய்விட்டாள். எதைக் கேட்டாலும் ஒரே குரலில் பதில் வந்தது.

அவள் என்ன ரோபோவா என்று அவன் நினைக்கவில்லை. அவ்வளவு புத்தி கெட்டுப்போகவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள் ஒரே விஷயத்தைத் தின்றுகொண்டு கிடக்கிறவனுக்கு, ஒரு சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் வெளியே போக வழி இருப்பதில்லை. அவளுக்கு உள்ளே எதுவோ செத்துவிட்டது, வெறும் கையும் காலும்தான் நமக்கு வேலை செய்கிறது என்று அவனுக்குப் பட்டது. அவளுக்குக் கோபம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பை முழங்கையால் தள்ளிவிட்டான். கை பட்டுவிட்டது என்றான். அவள் துடைத்தாள். அடுத்த நாள் ரசம் ஊற்றிய தட்டை நெஞ்சிலேயே கவிழ்த்துக்கொண்டான். அவள் சட்டையை மாற்றி, விரிப்பை மாற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு வந்து ஊட்டினாள். உன் சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்றான். நாளைக்கு வேற செய்யறேன் என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

தொடரின் கடைசிப் பாகம் வரவிருந்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு போனாள். அன்று பகலெல்லாம் குழுவில் திருவிழாதான். யாழினி மாட்டிக்கொள்வாளா, கணவனைக் கொல்வாளா என்று எழுதித் தள்ளினார்கள். வெயில் சாய்ந்தது. தெருமுனையில் வேன் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். பிறகு போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். அவளோடு அதே வேனில் போகும் சுமலதாவின் நம்பர் அவனிடம் இருந்தது.

“பானு இன்னைக்கி வேலைக்கே வரலீங்களே அண்ணா,” என்றாள் சுமலதா. “காலையில வேன்காரரு ஆரன் அடிச்சிப் பாத்துட்டு எடுத்துட்டாரு. உங்களுக்குத்தான் ஒடம்பு முடியலையோன்னு நெனச்சிட்டோம்.”

அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. போனை வைத்துவிட்டான். காலையிலேயே போயிருக்கிறாள். பூட்டிவிட்டு, வேனில் ஏறாமல், எங்கோ.

கடத்தூரில் அவன் அண்ணன் மாரியப்பன் இருந்தார். கூப்பிட்டால் வந்து பூட்டை உடைப்பார். உடைத்தால் தெருவே கூடும். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற பேச்சு இருட்டுவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவரும். அவன் கூப்பிடவில்லை. கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் குழுவில்தான் எழுதினான். என் மனைவி இன்னும் வீட்டுக்கு வரவில்லை, வெளியே பூட்டியிருக்கிறது என்று ஒரே வரி.

பதில்கள் சரசரவென்று வந்தன. செம தியரி அண்ணா என்றார் ஒருவர். அப்படியானால் யாழினி கடைசிப் பாகத்தில் கணவனைப் பூட்டிவிட்டு ஓடிவிடுவாளா என்று கேட்டார் இன்னொருவர். சிரிப்புப் பொம்மைகளும் கைதட்டல்களும் வரிசையாய் விழுந்தன. தியரி இல்லை, நிஜம் என்று எழுதப்போனான். எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான். கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கொஞ்ச நேரத்தில் போனும் அணைந்தது.

மேலே தகரக் கூரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. சொம்பில் தண்ணீர் இல்லை. மூத்திரப் பை நிறைந்திருக்கும் என்று தெரியும், எட்டிப் பார்க்க முடியாது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பு மூட்டைபோல அங்கேயே கிடந்தது. அப்போது ஜன்னல் ஓரமாகப் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் வந்து நின்றாள்.

“பானு இன்னும் வரலையா மாதவா? வூட்டுல வெளக்கே காணோம்.”

“ஓவர்டைம் போட்டுட்டாங்கக்கா,” என்றான் அவன். “வந்துடுவா.”

அவள் போன பிறகு, தண்ணீராவது கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கேட்கவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு, சொம்பைத் தள்ளியதையும் தட்டைக் கவிழ்த்ததையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். காலையில் அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று யோசித்தான். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தொடரில் யாழினி எந்தப் பாகத்தில் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

அந்த யாழினி யார் என்று அவன் தெரிந்துகொண்டது இரண்டு நாள் கழித்துத்தான். அவள் மனுஷிதான். கணவாயின் தியரி தப்பு என்று குழுவில் கிண்டல் செய்திருந்தார்கள். அதைப் படித்தபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, கரண்ட் வந்த சற்று நேரத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பானுமதி உள்ளே வந்தாள். கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கீழ்க்கரை நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. முதலில் தண்ணீர் கொடுத்தாள். பையை மாற்றினாள், துடைத்தாள். புரட்டும்போது மூச்சைப் பிடித்து, முடித்ததும் ஸ்ஸப்பா என்று விட்டாள். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எங்கே போயிருந்தாய் என்று அவன் கேட்டான்.

“ஒகேனக்கல்.”

“யாரு கூட?”

“யாரும் இல்ல. நான் மட்டுந்தான்.” அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். “வேன்ல ஒரு வீடியோ பாத்தாங்க. யாரோ வாசிக்கறாரு. படுத்த ஆளு, கணவாய்ல வண்டி கவுந்துச்சி, பொண்டாட்டி தையல் கம்பெனின்னு. சுமலதா என்னையே பாக்கறா. வேன்ல இருக்கற அத்தன பொம்பளைங்களும் என் மூச்சப் பத்திப் பேசிச் சிரிச்சாங்க.”

அன்றிலிருந்துதானா என்று அவன் கேட்டான்.

“அன்னையிலருந்துதான். சத்தம் வராம மூச்சு வுடப் பழகிக்கிட்டேன். நான் மூச்சு வுடறத ஊரே கேக்கற மாதிரி எழுதிட்டீங்க. அப்பறம் நான் எங்க போயித்தாங்க மூச்சு வுடறது?”

“தண்ணிய நான் வேணும்னேதான் தள்ளுனேன்,” என்றான் அவன்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“சொன்னா அதையும் எழுதுவீங்கன்னு வுட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அந்த வார்த்தையை அவளிடம் அவன் ஒருபோதும் சொன்னதில்லை, இப்போதும் வரவில்லை. குழுவில் எழுதியதை அழித்துவிடுகிறேன் என்றான். பிற்பாடு அழிக்கவும் செய்தான். ஆனால் சேலத்துக்காரர் போட்ட வீடியோவை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எத்தனையோ முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

“நீ வர மாட்டன்னு நெனச்சேன்,” என்றான்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்,” என்றாள் பானுமதி. “தருமபுரி பஸ் ஸ்டாண்டுல எந்த ஊரு பஸ்லயும் ஏறியிருக்கலாம். ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். அப்பறம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்துச்சி, ஏறிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல.”

சட்டென்று ஏதோ நினைத்துக்கொண்டவளாக, தீர்த்தம்மாளிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கப்போவதாகவும், இன்று கரண்ட் போனதைப் பஸ்ஸில் கேள்விப்பட்டதும் அதுதான் முதலில் தோன்றியதாகவும் சொன்னாள். அவன் சரி என்றான். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, கடுகு போட்டு, மிளகாயைக் கிள்ளிப் போட்டு எதையோ தாளித்தாள். கதவு திறந்தே கிடந்தது. தட்டோடு அவள் வந்து உட்கார்ந்தபோது அவன் கேட்டான்.

“தண்ணி எவ்வளவு போவுது?”

முதலில் சுருக்கமாகத்தான் சொன்னாள். நிறையப் போகிறது, செம்மண் கலந்து வருகிறது என்றாள். பிறகு, ஊட்டிக்கொண்டே, எண்ணெய் தேய்க்கிறவர்கள் தன்னையும் கூப்பிட்டதை, அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காததை, கல்லில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றபோது முள் குத்தியதை எல்லாம் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. குறுக்கே பேசினால் நின்றுவிடுமோ என்று வாயில் இருந்த சோற்றைக்கூட மெதுவாக மென்றான்.

“பரிசல்ல போனியா?”

“தனி ஆளுக்கு எடுக்க மாட்டாங்களாம். வேற குடும்பத்தோட சேந்து ஒக்காருங்கன்னாங்க. வந்தவங்கெல்லாம் புருசன், கொழந்தைங்கன்னு வந்தாங்க. நடுவுல போயி ஒக்கார ஒரு மாதிரியா இருந்துச்சி.” தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஒன்று சேர்த்தாள். “அடுத்த தடவ போறப்ப ஏறிடுவேன்.”

அடுத்த தடவை என்ற சொல் அவன் நெஞ்சில் கல்லைப் போல இறங்கியது. அவள் போவாள். அவன் இங்கே இதே கட்டிலில், இதே ஃபேனுக்குக் கீழே கிடப்பான். திரும்பி வருவாளா என்று அன்றும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது.

“ஏறு,” என்றான். “ஓரமா ஒக்காராத. நடுவுல ஒக்காரு.”