ஆஃப்லைன் அத்தை

வாஷியைத் தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போது ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கவில்லை.

ரஞ்சனா கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அவள் இறக்கி வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் அப்படியே வரிசையாக இருந்தன. ஆனால் நேற்று வரை வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்த பெயர்கள் இன்று சாம்பல் பூத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டாள். பாடவில்லை. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் இல்லை. நாதஸ்வரம், வீணை, பழைய டூயட் எல்லாம் ஒரேயடியாக ஊமையாகிவிட்டன.

'பண்ணிட்டான்' என்று நினைத்துக்கொண்டாள். 'கடைசியில் அதையும் பண்ணிட்டான்.'

பண்ணியவன் என்று அவள் நினைத்தது மாட்டுங்காவில் இருக்கும் அண்ணன் வெங்கியை. இரண்டு வருஷத்துக்கு முன் அவன்தான் இந்தப் பாட்டு ஆப்பில் குடும்பத் திட்டம் எடுத்தான். ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் சேர்ந்து கேட்கலாம். வெங்கி, மன்னி சுஷ்மா, பெண் மைத்ரேயி போக இடம் மிச்சம் இருந்தது. கல்யாணமாகி நெருளுக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்ட தங்கையின் போனை வாங்கி, அவளையும் மாட்டுங்கா வீட்டு மனுஷியாகச் சேர்த்துவிட்டான்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வினை போன மாதம் மைத்ரேயியின் நிச்சயதார்த்தத்தில் வந்தது.

அத்தைக்காரியை எப்படி அழைக்க வேண்டும்? அண்ணனும் மன்னியும் நேரில் வர வேண்டும். குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, 'நீதான் முன்னால் நின்று நடத்தணும்' என்று சொல்ல வேண்டும். ரஞ்சனா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்து, காபிப் பொடி புதிதாக வாங்கி வைத்துக் காத்திருந்தாள். வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு பிள்ளையார் படம். தொட்டால் ரோஜா இதழாகக் கொட்டியது. அதற்குக் கீழே தேதி, நேரம், இடம். அதற்கும் கீழே இரண்டு கை கூப்பல்.

"பால்காரருக்கும் இதேதான் போயிருக்கும்" என்று அன்று அவள் கணவன் சந்திரமௌலியிடம் பொருமினாள்.

"எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. நான் வேணா போய்ச் சாப்ட்டுட்டு வந்துடறேனே" என்றார் மௌலி.

"போங்கோ. அங்கேயே இருந்துக்கோங்கோ."

மௌலி போகவில்லை. ரஞ்சனாவும் போகவில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பேச்சை நிறுத்தியாகிவிட்டது, பாட்டை நிறுத்த முடியவில்லை. நெருளிலிருந்து செம்பூர் வரை, பெண்கள் பெட்டியில் பூண்டு உரிக்கிறவளுக்கும் சீட்டுக்குச் சண்டை போடுகிறவளுக்கும் நடுவில், அந்தப் பாட்டுகள்தான் அவளுக்குத் துணை. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. குடும்பத்தில் யார் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று அந்த ஆப் ஒரு மூலையில் காட்டிக்கொடுத்துவிடும். முன்பெல்லாம் வெங்கி அதைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணிக் கேலி செய்வான். "என்னடி ரஞ்சு, காலங்கார்த்தால சோகப் பாட்டு? மௌலி உப்புமாவா பண்ணினார்?"

கோபித்துக்கொண்ட தங்கை அண்ணன் தயவில் பாட்டுக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தால் அப்புறம் அது என்ன கோபம்? ரஞ்சனா ஆப்பைத் துழாவினாள். 'ஆஃப்லைன்' என்று ஒரு பொத்தான் கிடைத்தது. அதைத் தட்டிவிட்டால் இறக்கி வைத்த பாட்டுகள் மட்டும் பாடும், வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. கோபத்துக்குக் கோபமும் ஆயிற்று, பாட்டுக்குப் பாட்டும் ஆயிற்று என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கல்யாணம். எப்படியும் பத்திரிகையோடு நேரில் வருவான், வந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுச் சமாதானமாகிவிடலாம் என்று உள்ளுக்குள் வைத்திருந்தாள். இன்றைக்கு அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. பாட்டிலிருந்தே எடுத்துவிட்டவன் பத்திரிகை கொண்டுவந்தா தரப்போகிறான்? மைத்ரேயியை மடியில் போட்டுத் தாலாட்டியவள் அவள் கல்யாணத்தைப் போட்டோவில்தான் பார்க்கப்போகிறாள்.

செம்பூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. பக்கத்து மேஜை சஃபீனா தாராவிக்காரி. அங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலி வரும்.

"ஏன்க்கா மூஞ்சி இப்டி இருக்கு? ட்ரெயின்ல எவகூடயும் சண்டை, லஃப்டாவா?"

"எங்கண்ணா என்னைத் தூக்கிட்டான்."

"எதுலேர்ந்து?"

"பாட்டுலேர்ந்து."

சஃபீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எங்க பக்கம் அண்ணன்மாரு சொத்துலேர்ந்துதான் தூக்குவானுவ. பாட்டுலேர்ந்து தூக்குன அண்ணன இப்பத்தான் கேள்விப்படுதேன். போனக் குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். "இது ஆஃப்லைன்லலா கெடக்கு. எப்பலேர்ந்து?"

"நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள்லேர்ந்து."

"அதான் விஷயம். மாசம் ஒருக்காவாவது நெட்ட ஆன் பண்ணணும்க்கா. டவுன்லோட் பண்ணிட்டா நம்ம பாட்டுன்னு நெனச்சீயளா? எல்லாம் இரவல். ஆளு இன்னும் திட்டத்துல இருக்காளா இல்லியான்னு ஆப்புக்காரன் அப்பப்ப பாத்துக்குவான். பாக்க முடியலன்னா எல்லாத்தயும் பூட்டிருவான்."

"அப்போ அண்ணா தூக்கலையா?"

"தூக்குனாலும் பூட்டும், தூக்காட்டியும் பூட்டும். ஆன் பண்ணுனாத்தான் எதுன்னு தெரியும். பண்ணட்டா?"

ரஞ்சனா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வேண்டாம்."

"ஏங்க்கா?"

"ஆன் பண்ணினா நான் இன்னும் கேக்கறேன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்."

சஃபீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மாசமா கூடப் பொறந்த அண்ணனுக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு பாட்டுக் கேட்டீயளா? நான் காலேஜ்ல படிக்கையில ஒரு பையன்கிட்ட பேசுனதுகூட இவ்வளவு ரகசியமா இல்லக்கா."

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பயம் ஒளிந்து கேட்டது தெரிந்துவிடும் என்பது மட்டும் இல்லை. பொத்தானைத் தட்டி, 'நீங்கள் இந்தக் குடும்பத்தில் இல்லை' என்று வந்துவிட்டால்? தட்டாதவரைக்கும் அண்ணன் தூக்கியிருக்கவும் கூடும், தூக்காமல் இருக்கவும் கூடும். தட்டிவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

சாப்பாட்டு வேளை போயிற்று. டப்பாவில் எலுமிச்சம் சாதம் பாதி அப்படியே இருந்தது. மூன்று மணிக்கு மேல் மேனேஜர் வெளியே கிளம்பியதும் சஃபீனா எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"இன்னிக்கு ஒரு பாலிசி பேப்பர்கூட நீங்க சரியா பாக்கல. என் தலையில கட்டப் பாக்கீய. தட்டுங்க."

ரஞ்சனா தட்டினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலீஷில் நாலு வரி வந்தது. அவளுக்குக் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. போனை சஃபீனா பக்கம் திருப்பினாள்.

"தூக்கல" என்றாள் சஃபீனா. "உள்ளதான் இருக்கீய. சும்மா செக்கிங். குடும்பத் திட்டத்துல எல்லாரும் ஒரே வீட்ல இருக்கணுமாம், வீட்டு அட்ரஸ் கேக்கான். நெருள் அட்ரஸப் போட்டுராதீய, பெறவு அண்ணன் தூக்காட்டியும் இவன் தூக்கிருவான். மாட்டுங்கா அட்ரஸப் போடுங்க."

ரஞ்சனாவின் கட்டைவிரல் யோசிக்காமலே ஓடியது. பதினொன்று, லலிதா நிவாஸ், மாட்டுங்கா கிழக்கு. பள்ளிக்கூட அட்டையில், காலேஜ் அட்டையில், முதல் வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் எல்லாம் இருந்த முகவரி. பின்கோடு வரை தானாக வந்தது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'நான் இந்த முகவரியில் வசிக்கிறேன்.' அதில் டிக் அடித்தாள்.

அடித்த பிறகுதான் கை நின்றது.

அந்த வீட்டில் வசிக்கிறேன் என்று சொன்னவளுக்கு அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்து குங்குமம் நீட்ட வேண்டும்? மன்னிக்கு யார் நீட்டினார்கள்? மைத்ரேயிக்கு யார் நீட்டினார்கள்? பாட்டு வேண்டும் என்றால் அந்த வீட்டு மனுஷி, விசேஷம் என்றால் வெளியிலிருந்து வருகிற விருந்தாளி என்று இரண்டு பக்கமும் நின்றது தான்தானோ?

திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டு வந்தன.

"சஃபீ, நான் கொஞ்சம் முன்னாடி கிளம்பறேன்."

"கிளம்புங்க. மேனேஜர் கேட்டா வீட்டுக்குப் போயிட்டாகன்னு சொல்லுதேன். எந்த வீடுன்னு கேக்க மாட்டாரு."

செம்பூரிலிருந்து பஸ்ஸில் ஏறினாள். சயனில் வண்டி ஊர்ந்தது. ஒரு பாட்டைப் போட்டாள். முடிந்ததும் அதையே மறுபடி போட்டாள். மாட்டுங்காவில் இறங்கி மார்க்கெட் வழியாக நடந்தவள், பூ வாங்கப் போய், வாங்காமல் நகர்ந்தாள். பூவும் பழமும் விருந்தாளி கொண்டுபோவது. கறிவேப்பிலையும் இஞ்சியும் வாங்கிக்கொண்டாள்.

லலிதா நிவாஸில் மாடியேறினாள். வீட்டுக் கம்பிக் கதவுக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால் திறந்துகொள்ளும். வெளியாட்களுக்கு அது தெரியாது. அவள் கையை உள்ளே விடுவதற்குள் கதவு திறந்தது. வெங்கி நின்றான். காலில் செருப்பு, தோளில் பை, கையில் போன்.

"நீயே வந்துட்டியா?" என்றான்.

"எங்க கிளம்பிட்டே?"

"நெருளுக்கு. திடீர்னு உன் பேர் வந்தது. அதே பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுண்டிருந்தே. அது நீ அழறப்போ கேக்கற பாட்டு. என்னமோ ஏதோன்னு கிளம்பினேன்."

ரஞ்சனாவுக்கு மூலையில் பெயர் தெரியும் என்பதே பஸ்ஸில் மறந்துபோயிருந்தது.

"ஒரு மாசமா தினம் காலம்பர பாக்கறேன்டி" என்றான் வெங்கி. "நீ ரயில் ஏறற நேரத்துக்கு எடுத்துப் பாப்பேன். உன் பேர் பக்கத்துல ஒண்ணுமே இருக்காது. பாட்டுக்கூட கேக்கப் பிடிக்காத மாதிரி பண்ணிட்டோமான்னு இருந்தது."

"போன் பண்ணியிருக்கலாமே."

"எடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

சுஷ்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணனும் தங்கையும் வாசல்லயே எல்லாத்தையும் பேசி முடிச்சுடுவேள் போலிருக்கே. உள்ள வா ரஞ்சனா. அரே, கறிவேப்பிலை வேறயா? காலம்பரலேர்ந்து இவர்கிட்ட சொல்லிண்டிருக்கேன்."

வெங்கி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். "நான் நேர்ல வந்திருக்கணும். தப்புதான். முதல் ஞாயித்துக்கிழமை ஹார்பர் லைன்ல மெகா பிளாக், தண்டவாள ரிப்பேர்னு ரயிலை நிறுத்திட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமையும் மெகா பிளாக்."

"பஸ் ஓடலையா?"

வெங்கி தரையைப் பார்த்தான். "ஓடித்து."

ரஞ்சனா கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் அதுதான் முதல் வார்த்தை. மற்ற மூன்றும் என்னவென்று ஞாபகம் வரவில்லை.

மைத்ரேயி உள்ளேயிருந்து வந்தாள். வழக்கமாக ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற பெண், இன்று இரண்டடி தள்ளியே நின்றாள்.

"நிச்சயத்துல எனக்கு யார் ஆரத்தி எடுத்தா தெரியுமா அத்தை? மூணாவது மாடி மாமி. என் பேர்கூட அவளுக்குச் சரியாத் தெரியலை. மைதிலின்னு சொல்லிப் பாடினா. போட்டோல பாரு, நான் மூஞ்சியை உம்முனு வெச்சுண்டிருப்பேன்."

ரஞ்சனா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு மாதமாக அழைப்பு வராத தன் வருத்தத்தைத்தான் அளந்துகொண்டிருந்தாள். ஆரத்தித் தட்டோடு வேறொருத்தி நின்றதை இந்தப் பெண் எப்படிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் வந்திருக்கணும்" என்றாள். "அந்த வாட்ஸ்அப் பிள்ளையாரைச் சாக்கு வெச்சுண்டு உன்னை விட்டுட்டேன்."

"கல்யாணத்துல நீதான்."

"நான்தான்."

சுஷ்மா ஒரு தட்டோடு வந்தாள். குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. வெங்கியும் எழுந்து பக்கத்தில் நின்றான். இத்தனை நாள் காத்திருந்த காட்சி. ரஞ்சனா குங்குமத்தை மட்டும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, தட்டை மெல்லத் திருப்பிவிட்டாள்.

"பத்திரிகையை உள்ள வை மன்னி. நான் இந்த அட்ரஸ்லதான் இருக்கேன். இன்னிக்கு மத்தியானம் எழுதியே கொடுத்துட்டேன்."

"என்னடி உளர்றே?" என்றான் வெங்கி.

போனைக் காட்டினாள். வெங்கி படித்துவிட்டு முதலில் சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபேனைப் பார்த்தான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ரஞ்சனா. "எனக்கு வேண்டாம், அவருக்கு வேணும். அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை. நேர்ல வந்து முறையாக் கூப்பிடணும். மனசுக்குள்ள ரொம்ப வருத்தம் அவருக்கு. வெளியில சொல்ல மாட்டார்."

"மௌலிக்கா?" சுஷ்மா பதறிப்போனாள். "ஞாயித்துக்கிழமை வந்துடறோம்."

"மெகா பிளாக்" என்றாள் மைத்ரேயி, போனைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ சனிக்கிழமை" என்றான் வெங்கி. "ரயில் ஓடலைன்னா நடந்து வரேன்."

காபி குடித்துவிட்டுக் கீழே இறங்கியதும் ரஞ்சனா தெருமுனையில் நின்று மௌலிக்குப் போன் போட்டாள்.

"நன்னா கேட்டுக்கோங்கோ. நீங்க எங்கண்ணா மேல ரொம்பக் கோவமா இருக்கேள்."

"நானா? எப்போலேர்ந்து?"

"நிச்சயதார்த்தத்துலேர்ந்து. மனசுக்குள்ளயே வெச்சுண்டு புழுங்கறேள்."

"எத்தனை நாள் இருக்கணும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்."

"சரி, இருக்கேன்" என்றார் மௌலி. "வரச்சே பால் வாங்கிண்டு வா."