ஈற்றடியில் இடறிய பெயர்

மேலை மணற்காட்டில் கதிரவன் இறங்க, புகாரா நகரின் நீலக் குவிமாடங்கள் செம்பொன் பூசி நின்ற அந்திப்பொழுதில், முசுக்கட்டை மரத்தின் நிழல் படர்ந்த ஆளுநர் மாளிகை முற்றத்தில் பாவரங்கு கூடியிருந்ததைக் கற்றறிந்தீர் கேட்பீராக. அரங்கேறும் பாடலை யாப்பறிஞர் ஒருவர் சீர்சீராய்ப் பிரித்துரைக்க, அவையோர் முழந்தாளில் தட்டி அளவு சரிபார்த்த பின்னரே பாடியவன் தோளில் பட்டாடை விழும் என்பது அவ்வூர் வழக்கு.

மகளிர்க்குரிய திரைக்குப் பின்னே அமர்ந்திருந்த ஷக்ரிபோனுவுக்கு நெஞ்சு உலையாய்க் கொதித்தது. சென்ற பனிக்காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரே மகளுக்காக அவள் புனைந்த இரங்கற்பாவை, அவள் வீட்டில் பாடக் கேட்டே உருவேற்றி, தன்னுடையதென்று நாக்கூசாமல் பாடிக்கொண்டிருந்தான் கொழுந்தன் ஹோதம். ஈற்றடியில் பாடியவர் பெயர் பதிவது மரபு. அவளோ தன் பெயரை விடுத்து மகளின் பெயரைப் பதித்திருந்தாள். அதையும் பெயர்த்தெறிந்து தன் பெயரைச் செருகியிருந்தான் அக்கயவன்.

யாப்பறிஞர் சாலோமத் எழுந்தார். எதுகையைப் புகழ்ந்தார், ஈரடிதோறும் மீண்டு வரும் ‘கதவு திறந்தே இருக்கிறது’ என்னும் முடிபைப் புகழ்ந்தார். அவர் சீர் பிரிக்கப் பிரிக்க, கைகள் ஒத்து விழுந்தன. ஈற்றடியில் ஹோதத்தின் பெயர் வந்ததும் ஒரு குறில் குறைய, அத்தனை கைகளும் தடுமாறின.

ஆளுநருக்கு வேண்டியவன் ஹோதம் என்பதை அறிந்த சாலோமத் குழைந்து சிரித்தார்.

“குறைன்னு நெனைக்காதீங்க! அழுகையில தொண்டை அடைச்சிருக்கு. அதுதாங்க அழகே!”

“தூ!” என்று திரையை விலக்கி வெளியே வந்தாள் ஷக்ரிபோனு. “நொண்டிக் குதிரை நடந்தா அதுக்குப் பேரு ஆட்டமாய்யா? ஏன் கொழுந்தனாரே, செத்த புள்ள பேரைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா? அந்த எடத்துல நிகோரான்னு வெச்சுத் தட்டிப் பாருங்கய்யா!”

“அண்ணிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு,” என்று இளித்தான் ஹோதம். “ஒரு சின்னப் பொண்ணு பேரு பாட்டுல எதுக்கு?”

ஆளுநர் கையசைத்தார். அவையோர் மீண்டும் தட்டினர். நிகோரா என்னும் இடத்தில் எந்தக் கையும் பிசகவில்லை.

முகம் கறுத்த ஆளுநர் பட்டாடையை அவள்பால் நீட்டினார்.

“இதை யாரு கேட்டா?” என்று அதைத் தள்ளினாள் ஷக்ரிபோனு. “இவரு வாயாலயே பாட்டை முழுசாச் சொல்லட்டும், எம் புள்ள பேரோட.”

ஆளுநர் பணித்தார், தலைகவிழ்ந்து சொன்னான் ஹோதம். அதைக் கேட்டும் அவள் சினம் தணியவில்லை. பொருளைத் திருடுவோனினும் பிறர் துயரைத் திருடுவோன் கொடியன் என்று அவையோர் தம்முள் பேசிக் கலைந்தனர். களவு போன பெயர் மீண்டது. அவள் பிள்ளையோ மண்ணுக்குள்ளேயே கிடந்தாள்.