ஈரலில் கட்டி, கையில் போன்

நீக்கிலாசின் ஈரலில் தேங்காய் அளவில் நீர்க்கட்டி. நுரையீரலில் இன்னொன்று, சின்னது. கனடாவில், ஸ்காபரோவில் இறைச்சிப் பெட்டி தூக்குகிறவன். பெட்டி விலாவில் இடித்த வலிக்கு ஸ்கான் எடுத்தபோது பிடிபட்டது.

"ஹைடாடிட்," என்றார் தமிழ் டொக்டர். "நாய் வளர்த்தனீங்களோ?"

"ஓம். முல்லைத்தீவில."

அங்கே ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தான். ஈரலில் வெள்ளை நீர்ப்பை தெரிந்தால் சனத்துக்கு விற்க மாட்டான். வெட்டி நாய்க்கு எறிவான். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், அதன் முட்டை நாயின் மயிரில் ஒட்டி ஆட்களின் கைக்கு வரும், வாய்க்குப் போகும் என்று டொக்டர் விளக்கினார். அநேகமாக ஈரலில் தங்கும், அடுத்தது நுரையீரல். சிலருக்கு மூளையிலும் எலும்பிலும்கூட. வருசக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். அடிபட்டு உடைந்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

"மனுசிக்கும் ஸ்கான் எடுக்க வேணும்."

"அவள் எங்கையெண்டு தெரிஞ்சாலெல்லோ, டொக்டர்."

அந்த நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவள், கனடாவுக்கு வரும்போது அவன் ஊரில் விட்டு வந்த மனைவி அன்ரனெற்தான். அந்த 2009 மே மாதம் ஊரில் சண்டை முடிந்துவிட்டது. சனத்தை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து மற்றவர்களின் சொந்தக்காரர்கள் ஒளித்துவைத்த போன்களில் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் பேசவில்லை.

ஒப்பரேசனுக்கு நாள் குறித்ததும் நீக்கிலாஸ் மாட்டேன் என்றான். மயக்கத்தில் கிடக்கும்போது அவள் அழைத்தால் யார் பேசுவது?

"போனை நான் வைச்சிருக்கிறன். அவள் எடுத்தால் கதைக்கிறன்," என்றாள் அக்கா கிளடிஸ்.

"உன்ர குரலைக் கேட்டால் வைச்சுப்போடுவாள். ஆமி ஒட்டுக்கேக்கும், என்ர குரல் இல்லாட்டி ஒரு சொல்லும் கதைக்காத, பேரும் சொல்லாத எண்டு நான்தான் சொல்லி வைச்சனான்."

"பெரிய கெட்டிக்காரன். அப்ப அது வெடிச்சுச் செத்துப்போ. பிறகு ஆர்ர குரலைக் கேக்கப்போறாள்?"

மறுநாள் வேலையில் சாப்பாட்டு நேரம், பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு அழைப்பவருக்குக் கேட்கும்படி வொய்ஸ்மெயிலில் தன் குரலைப் பதிந்தான். முதலில் பதிந்ததை அழித்துவிட்டுத் திரும்பப் பதிந்தான்.

"அன்ரனெற், நான்தான். வைச்சிடாத. வயித்தில ஒரு ஒப்பரேசன், மயக்கத்தில கிடக்கிறன். எங்க நிக்கிறாய் எண்டு சொல்லு. எடி, ஒரு சத்தமாவது போடு."

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்ததும் போனைத்தான் கேட்டான்.

"மெசேஜ் ஒண்டு வந்தது. நான் தொடேல்லை," என்று கிளடிஸ் அதை அவன் காதில் பிடித்தாள்.

சன இரைச்சல். தண்ணிப் பவுசர் லொறிக்கு வரிசையில் நிற்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். ஒரு பிள்ளை அழுதது. கிட்டத்தில் மூச்சு. நெடுநேரம் மூச்சு மட்டும். பிறகு அறுந்துவிட்டது.

"அவள்தானோடா?"

"தெரியேல்லை. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னொரு தரம் போடச் சொன்னான். மருந்து கண்ணை இழுத்தது.

"அக்கா, வொய்ஸ்மெயிலில பதிஞ்ச குரலை மாத்த வேணும். போனை இஞ்ச பிடி."

"இப்ப நித்திரை கொள்ளடா."

"நித்திரை கொண்டிட்டன் எண்டால் அவள் திரும்ப எடுக்கேக்க ஆர் சொல்லுறது, நான் தப்பிட்டன் எண்டு?"